எடுக்காத தழை

எங்கள் மலைப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. வளைவுக்கு அப்பால் மரம் விழுந்திருந்தாலோ, பாறை சரிந்திருந்தாலோ, முதலில் பார்த்தவர் பச்சைத் தழையை ஒடித்து, கொஞ்ச தூரம் முன்னாலேயே ரோட்டில் போட்டுவிட்டுப் போவார். தழை கிடந்தால் எப்பேர்ப்பட்ட அவசரக்காரனும் வேகத்தைக் குறைப்பான். எதற்கென்று கேட்கமாட்டான். இடைஞ்சல் தீர்ந்ததும் போட்டவரே அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், அடுத்த தடவை தழையை யார் நம்புவார்கள்?

நான் ஜவ்வாது மலையில் பிறந்தவள். வேலை பார்ப்பது மலைக்குக் கீழே, நாற்கரச் சாலையின் கண்காணிப்பு அறையில். சுவர் முழுக்கத் திரைகள். சாலைக்கு மேலே தொங்கும் மின்னணுப் பலகைகளில் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்ற எண்ணை மாற்றுவது என் வேலை. சாதாரண நாளில் எண்பது. மழை என்றால் அறுபது. பனி இறங்கினால் நாற்பது. பலகையில் என்ன எண்ணோ அதையே கேமராவும் எடுத்துக்கொள்ளும். மீறிப் போகிற வண்டியைப் படம் பிடித்துவிடும், அபராதச் சலான் செல்போனுக்குப் போய்விடும். அதில் என் கை எதுவும் இல்லை. எண் மட்டும்தான் என்னுடையது.

இதை ஊரில் யாருக்குச் சொன்னாலும் புரியவில்லை, என் மாமாவைத் தவிர. மாமா என் அம்மாவின் தம்பி. மலைக்கும் அடிவாரத்துக்கும், சில நாள் நாற்கரச் சாலை வழியே வேலூருக்கும் ஜீப் ஓட்டுகிறவர். பஸ் அபூர்வமாக வரும் ஊர் என்பதால் புளி மூட்டை, சாமை மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று எல்லாவற்றுக்கும் அவர் ஜீப்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு சலான் வந்தது. நேரே என்னிடம் வந்து, "இன்னா பாப்பா, நீ உள்ள உக்காந்துகினு இருக்கும்போதே எனக்கு சலான் வருதே, இது ஞாயமா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். "மலையில இருந்து உருண்டு வர்ற கல்லு மாதிரி வந்தா சலான் வராம மாலையா வரும்?" என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். பிறகு மனசு கேட்காமல் விளக்கினேன். "மாமா, அந்தப் பலகை நம்ம ஊர்ல தழை போடுற மாதிரி. முன்னாடி இன்னா இருக்குதுன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் திரையில தெரியும். நான் தழை போடுறேன், அவ்ளோதான்."

அவர் முகம் மாறியது. "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சாலையிலேயே பலகையை மதிக்கிற ஒரே ஆள் மாமாதான் என்று சொல்லலாம். அறுபது என்றால் அறுபது, நாற்பது என்றால் நாற்பது. ஜீப்பில் வருகிறவர்கள் கிண்டல் செய்வார்களாம். "அக்கா மவ போட்ட நம்பரு" என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். அத்தைக்குத்தான், அதாவது மாமாவின் மனைவிக்கு, இது பிடிக்காது. அவளுக்கு வேகம் பிடிக்கும். சந்தை நாளில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மிதிய்யா, மிதி. நாளைக்கா போய்ச் சேர்றது?" என்று விரட்டுவாள். என்னைப் பார்த்தால், "உன் நம்பரால என் வூட்டுக்காரரு ஜீப்பை மாட்டு வண்டி ஆக்கிட்டாரு" என்பாள். நான் யாரிடமாவது எரிந்து விழுந்தால், "ஆத்திரக்காரிக்கு புத்தி மட்டு, தெரிஞ்சிக்கோ" என்று சொல்லித் தலையில் குட்டுவாள். அந்தக் குட்டு வலிக்காது.

அது ஒரு தை மாதக் காலை. ஆறு மணிக்கு நான் வேலைக்கு வந்தபோது திரைகளில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லாப் பலகைகளிலும் நாற்பது போட்டேன். ஏழு மணிக்கெல்லாம் வெயில் வந்து பனி விலகத் தொடங்கியது. ஏழேகாலுக்குச் சாலை பளிச்சென்று இருந்தது. எண்ணை ஏற்ற வேண்டியதுதான். விரல் விசைப்பலகை மேல்தான் இருந்தது.

அப்போது உதவி எண்ணுக்கு ஒரு போன் வந்தது. காரில் போகிற யாரோ ஒருவர். "வெயில் அடிக்குது, நாப்பதுன்னு போட்டு வெச்சிருக்கீங்க, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார். "மாத்திட்டுத்தான் இருக்கோம் சார்" என்றேன். அவர் நிறுத்தவில்லை. கடைசியில், "எந்தக் காட்டுல இருந்தும்மா உன்னைப் புடிச்சிட்டு வந்து உக்கார வெச்சாங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. காட்டிலிருந்து வந்தவள்தான் நான். விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்தேன். இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் நாற்பதிலேயே இருக்கட்டும், அந்த ஆளுக்குச் சலான் போகட்டும் என்று நினைத்தேன். மேலாளர் சாலையைப் பார்வையிடப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. டீ ஊற்றிக்கொண்டு வந்து திரை முன்னால் உட்கார்ந்தேன்.

நாற்பதை யாரும் மதிக்கவில்லை. கார்கள் பறந்துகொண்டிருந்தன. லாரிகூட எழுபதில் போனது. இடது ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளை ஜீப் மட்டும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. தூரத்துக் கேமரா, நகத்தளவுதான் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஊழியரிடம் அதைக் காட்டி, "பாருங்க, ஒரு மனுஷனாவது ஒழுங்கா போறான்" என்றேன். டீ நன்றாக இருந்தது. அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, போகவே மாட்டேன் என்கிறது.

மேலாளர் திரும்பி வரும் சத்தம் கேட்டு, ஏழு நாற்பதுக்கு எண்ணை எண்பதாக்கினேன்.

ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தாள். முந்தின இரவு தூக்கத்தில் அத்தையைக் கட்டுவிரியன் கடித்திருக்கிறது. கடித்ததே தெரியவில்லை. விடியும்போது வயிற்று வலி என்று எழுந்திருக்கிறாள், இமை தூக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வேறொரு ஊருக்குப் போயிருந்ததால் மாமாவே ஜீப்பில் அடிவாரத்துக்குக் கொண்டு வந்தார். அங்கே ஊசி போட்டு, மூச்சுக்கு மெஷின் தேவைப்படும், உடனே வேலூருக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வேலூர் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் அத்தை இறந்துவிட்டாள்.

"எந்த ரோட்ல போனாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் பதில் தெரியும். வேறு ரோடு கிடையாது.

அன்று மாலை மலை ஏறினேன். அடக்கம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்கிற குரல். "பலகையில நாப்பது போட்டிருந்தியே, முன்னாடி இன்னா பாப்பா இருந்துச்சு? நானும் பாத்துகினே போனேன். ஒண்ணும் காணோம்."

"லாரி ஒண்ணு கவுந்து கெடந்துச்சு மாமா. நீ வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க" என்றேன். யோசிக்காமலேயே வாயில் வந்த பொய்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லத் தொடங்கினார். "விரட்டிகினு போயிருந்தா அந்த லாரியில உட்டு இன்னும் ரெண்டு உசுரு போயிருக்கும். எங்க அக்கா மவதான் காப்பாத்துனா." ஜீப்பில் கூடப் போன பக்கத்து வீட்டம்மா வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையை உதறிக்கொண்டு ஓடவேண்டும் போலிருந்தது.

பன்னிரண்டு கிலோமீட்டர். நாற்பதில் போனால் பதினெட்டு நிமிடம். எண்பதில் ஒன்பது. அந்தப் பழைய ஜீப் எண்பது தாங்காது, எழுபது என்று வைத்துக்கொண்டால் பத்து நிமிடம் சொச்சம். ஏறக்குறைய எட்டு நிமிடம் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். அந்த எட்டு நிமிடத்தில் அத்தை பிழைத்திருப்பாளா? டாக்டர், ராத்திரியே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னாராம். யாருக்கும் தெரியாது. தெரிந்தால்கூட ஒரு வழியாக அழுது தீர்த்துவிடலாம். பல் தேய்க்கும்போதும் இந்தக் கணக்குதான் ஓடும். அலுவலகத்தில் பதிவான காட்சியை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பெரிதாக்கினால் ஜீப்பின் பின்பக்கத் தார்ப்பாயில் அத்தை தைத்துப் போட்ட நீல ஒட்டு தெரிந்தது. பெரிதாக்கத்தான் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் ஜீப் நின்றது. அதன் படியில் உட்கார்ந்திருந்தவர் செல்போனை நீட்டினார். "சலான் வந்துகீது பாப்பா. படிச்சி சொல்லு. கட்டிடலாம்."

அன்றைய தேதி. நேரம் ஏழு முப்பத்து மூன்று. அனுமதித்த வேகம் நாற்பது, வண்டியின் வேகம் ஐம்பத்து மூன்று. கீழே படம். கண்ணாடிக்குப் பின்னால் மாமா ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஜீப்பின் நிழல் தார் ரோட்டில் வெட்டி வைத்ததுபோல் கறுப்பாக விழுந்திருக்கிறது. அப்படி ஒரு வெயில்.

"அந்த எடத்துலதான் அவ மூச்சு இழுத்துச்சு" என்றார் மாமா. "வாயத் தொறந்து ஏதோ சொன்னா. பேச்சு கொழறிப் போச்சு. மிதின்னுதான் சொல்லியிருப்பா. எனக்குத் தாங்கல, மிதிச்சிட்டேன். அப்பறம் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, கொறச்சிட்டேன்." ஜீப் படியில் இருந்த மண்ணைக் கையால் தள்ளிவிட்டார். "உன் பேச்சை மீறிட்டேன் பாப்பா. மனசுல வெச்சிக்காத."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"கட்டாத மாமா" என்றேன். "லாரியெல்லாம் ஒண்ணுமில்ல. பனி எப்பவோ போய்டுச்சி. நீ எண்பதுல போயிருக்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எடுக்க மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறதி யாருக்கும் வரும், அவரும் மன்னித்திருப்பார். "மறக்கல. ஒருத்தன் போன்ல என்னை அசிங்கமா பேசிட்டான். அந்த ஆத்திரத்துல வேணும்னே உட்டுட்டேன். நீ போனதைத் திரையில பாத்தேன் மாமா. நீன்னு தெரியல."

திட்டுவார், அடிப்பார் என்றெல்லாம் நினைத்தேன். ஏன், அடிக்க வேண்டும் என்றே விரும்பினேன். அவர் என் கையிலிருந்து செல்போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். எழுந்து போய் ஜீப்பின் முன்மூடியைத் திறந்து ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். நிறையத் தண்ணீர் இருந்தது. மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அவர் வீட்டுக்குள் வரவில்லை.

அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் போன சலான்கள் எல்லாம் ரத்தாயின, போனில் கத்திய ஆளுடையதும் சேர்த்துத்தான். எனக்கு ஒரு மெமோ வந்தது. மூன்று மாதம் பலகைப் பக்கம் விடாமல் வைத்திருந்து, பிறகு ஆள் இல்லையென்று திரும்ப அங்கேயே உட்காரவைத்தார்கள். வேலையை விட்டுவிடு என்றாள் அம்மா. விடவில்லை. வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த மூன்று மாதமும் மாமா என்னோடு பேசவில்லை. நான் திரும்பப் பலகைக்கு வந்த வாரத்தில், ஒரு மழை நாளில், போன் வந்தது. "பலகையில அறுபதுன்னு போட்டுகீது. நெசமா பாப்பா?"

"நெசம் மாமா. மழை பெய்யுது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அதிலிருந்து இந்தச் சாலைக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார். வேறு பேச்சு கிடையாது. நேற்றுக் காலையும் போன் வந்தது. மழையில்லை, பனியில்லை, நல்ல வெயில். முதல் பலகைக்குக் கீழே ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தியிருந்தார். இப்போது நான் எல்லா வெள்ளை ஜீப்பையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். தார்ப்பாயில் நீல ஒட்டு இருந்தது. முன் சீட் காலியாக இருந்தது.

"எண்பதுன்னு போட்டுகீது. நெசமா பாப்பா?"

"நெசம் மாமா. முன்னாடி ஒண்ணுமே இல்ல. நீ போ."

ஜீப் கிளம்பி இடது ஓரத்தில் ஏறியது. எல்லா வண்டியும் அதைத் தாண்டிப் போயின. அது நாற்பதிலேயே போனது, இப்போதெல்லாம் போகிற மாதிரி. கடைசிப் பலகையைத் தாண்டப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.