இறங்காத நம்பருக்காக ஒரு ஸ்தோத்திரம்

போன லெந்து உபவாச நாட்களில், ஈஸ்டரைப் பார்க்கமாட்டேன் என்றே நினைத்தேன். ஆலயத்தில் பாட்டுக்கு எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை நடுங்கும். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டேன்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. முத்தாபுதுப்பேட்டையில் வீடு. ஆவடித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். அளவு மயிரிழை கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

கிறிஸ்துமஸ் முடிந்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், ஐந்துக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். என்ற தைராய்டு அளவு கூடியிருந்தது. ஆறரை. "இப்ப மாத்திரை வேணாம், மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார் டாக்டர். எனக்கு மனசு ஆறவில்லை. என் மனைவி எஸ்தர் பல வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். வாங்கி வருவது நான்தான். அவளுக்குத் தெரியாமல் தினம் ஒன்று விழுங்கினேன். படபடப்பு வந்ததும், நோய் முற்றிவிட்டது என்று இரண்டாக்கினேன்.

உபவாசமிருந்து அழுதேன். "ஆண்டவரே, அந்த நம்பரை இறக்கும்" என்பதே என் ஜெபம். ஒரு வெள்ளிக்கிழமை முழங்காலில் இருந்தபோது, "எஸ்தரிடம் சொல்" என்ற எண்ணம் உள்ளத்தில் எழுந்தது. தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அவளிடம் வெட்கத்தோடு சொன்னேன்.

"இன்னாங்க இது! என் மாத்திரைய முழுங்கிகினு, ஆண்டவர்கிட்ட வேற முறையிட்டுகினு கீறீங்களா? கெளம்புங்க!"

திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். "நல்ல வேளை வந்தீங்க. இந்தப் படபடப்பே அந்த மாத்திரையால வந்ததுதான். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இருதயம் கெட்டிருக்கும். வயசானா இந்த அளவு கொஞ்சம் ஏறுறது சகஜம் ஐயா. வாலிபப் பிள்ளைங்க அளவ வெச்சு உங்கள அளக்கக் கூடாது. மாத்திரை அம்மாவுக்குத் தேவை, உங்களுக்கு இப்ப தேவையில்ல."

தலை குனிந்தேன். பொருளுக்குப் பொருள் அளவுகோல் வேறு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்!

மாத்திரையை நிறுத்தியதும் சில வாரங்களில் நெஞ்சு அடங்கியது. பிறகு செய்த பரிசோதனையிலும் அதே ஆறரைதான். நான் கேட்டதை அவர் தரவில்லை, பிரியமானவர்களே, உயிரைத் தந்தார். இப்போது பாட்டுக்கு எழுந்தால் கை நடுங்குவதில்லை. மருமகளின் குழம்பில் உப்புக் குறை சொல்வதையும் விட்டுவிட்டேன்.

நீங்களும் அவரை நம்பி முழங்காலில் நில்லுங்கள். ஆனால் மறைத்து வைத்திருப்பதை எழுந்ததும் வீட்டில் சொல்லிவிடுங்கள். எனக்கு வந்த பதில், என் பக்கத்திலேயே காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.