கார் பார்க்கிங்கில் ஒரு காதுகுத்து

போன ஞாயிற்றுக்கிழமை மதுரை ஏர்போர்ட் கார் பார்க்கிங்கில் ஒரு காதுகுத்து நடந்தது. தாய்மாமன் மடி, ஆசாரி, ஊசி, குழந்தையின் அலறல் – எல்லாம் முறைப்படி. அந்த விசேஷத்துக்கு நான்தான் டிரைவர்.

கதை விடாதே என்பீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

திருநகரில் எங்கள் அடுத்த வீடு செல்வியுடையது. அவள் மகனுக்கு மூன்று வயது. மொட்டை எப்போதோ போட்டாயிற்று, காது மட்டும் பாக்கி. ஏன்? செல்வியின் ஒரே தம்பி முத்து துபாயில் கிரேன் ஓட்டுகிறான். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்தினால், அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுக்கே மரியாதை இல்லை.

போன வருடமும் நாள் குறித்தார்கள். முத்து சென்னையில் வந்து இறங்கினான். பண்டிகை நேரம், ரயிலில் இடமில்லை. எப்படியோ பஸ் பிடித்து அவன் வந்து சேர்ந்தபோது பந்தலையே பிரித்துவிட்டார்கள். செல்வி கணவரின் பெரியப்பா அன்று சொன்ன வார்த்தை அவளுக்கு இன்னும் ஆறவில்லை. "ஒந்தம்பியை நம்புனா, இவனுக்குக் காது குத்தாமலே கல்யாணத்தை முடிக்க வேண்டியதுதான்."

இந்த முறை துபாயிலிருந்து நேரே மதுரைக்கு டிக்கெட். கீழக்குயில்குடி அய்யனார் கோயிலில் விசேஷம். பத்தரை வரை நல்ல நேரம். காலை டிபனுக்கே ஆள் வந்துவிடுவான் என்று இருந்தோம்... ப்ளைட் லேட்!

கோயிலில் அத்தனை பேரும் ஒரே செல்போனை எட்டிப் பார்த்தோம். திரையில் ஒரு குட்டி விமானம் கடலுக்கு மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அது நகரவே இல்லை என்று தீர்ப்பு சொன்னார். கூடவே ஒரு யோசனை – செல்விக்குத் தம்பி முறையில் ஒருவர் வந்திருக்கிறாரே, அவர் மடி போதாதா?

செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெரியப்பா மேல் கோபமாக வந்தது.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. "எறங்கிட்டேன்க்கா. வாரேன்."

வருவான், சரி. பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, டாக்ஸி பிடித்து வருவதற்குள் நல்ல நேரம் போய்விடுமே? செல்வி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, காரை எடுங்க. அவன் வரிசையில நிக்கிற நேரத்துக்கு நாம போயிருவோம்."

கோயிலை விட்டுவிட்டுப் போகலாமா? எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் திருநீற்றை அள்ளிப் பிள்ளையின் நெற்றியில் பூசினார். "அய்யனாரு எல்லை எம்புட்டு தூரம்னு யாரு கண்டா... போத்தா."

பின்சீட்டில் செல்வி, கணவர், ஆசாரி, பிள்ளை. முன்சீட்டில், யாரும் கூப்பிடாமலே, பெரியப்பா. செல்வி போனில் தம்பியை நேரே வாசலுக்கு வரச் சொல்ல, நான் ரிங் ரோட்டைப் பிடித்தேன்.

சென்னை நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. 'உங்க ஊர் ஏர்போர்ட்டா? மினி பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்குமே!' இருக்கட்டுமே. தேனியும் சிவகங்கையும் ராமநாதபுரமும் விருதுநகரும் இங்கேதான் வேன் பிடித்து வருகின்றன. ஓர் ஆளை ஏற்றிவிடப் பதினைந்து பேர் வருவார்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் இங்கிருந்தே ஏறுகிறார்கள். ஏர்போர்ட்டின் பெருமை கட்டடத்தின் நீள அகலத்திலா இருக்கிறது? எத்தனை வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதில் இல்லையா? அப்படிப் பார்த்தால் எங்களுடையது பெரிய ஏர்போர்ட்தான். எனக்கு அதில் கர்வமே உண்டு.

நாங்கள் போய் நிற்கவும் முத்து வெளியே ஓடி வரவும் சரியாக இருந்தது. கையில் பெட்டி இல்லை. அது உள்ளே பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறதாம், பிறகு வாங்கிக்கொள்ளலாமாம். தோடு மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

கார்க் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தான். மடியில் மருமகன். பிள்ளைக்கு இந்தப் புது ஆள் யாரென்றே தெரியவில்லை, வீறிட்டது. ஆசாரி கிழக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டு ஊசியை எடுத்தார்.

ஏர்போர்ட்டில், ஊசியோடு... செக்யூரிட்டி வராமல் இருப்பாரா? வந்தார். வடக்கத்திக்காரர். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியையெல்லாம் மனசுக்குள் திரட்டிக்கொண்டேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். சீக்கிரம் முடியுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, பின்னால் ரிவர்ஸ் எடுத்து வந்த டாக்ஸியை மறித்து நின்றுகொண்டார்.

நல்ல நேரம் முடிவதற்குள் இரண்டு காதிலும் தோடு ஏறிவிட்டது. பிள்ளையை விட மாமன்தான் அதிகம் அழுதான். செல்வி அவன் தலையைக் கோதிக்கொண்டே, வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

பெட்டியை வாங்கிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினோம். கறி விருந்து களை கட்டியிருந்தது. பெரியப்பா எனக்கு அடுத்த இலை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம், பந்திக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க பேரனுக்கு ஏர்போர்ட்ல வச்சுக் காது குத்தியிருக்கோம். ஒங்க வீட்டுல எங்க குத்துனீக... கோயில்லதானா?"