தானே நிரம்பும் துப்பாக்கி

பொன்னேரிப் பக்கம் வாத்து சுட, திருட்டுத்தனமாகத்தான், என் மச்சான் பாபுவோடு போனேன். அவனுடைய நாட்டுத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் மருந்து கெட்டிக்க வேண்டும். இரவல் வாங்கிய புதியதில் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். புதியதை எடுக்கச் சொன்னது நான்தான்.

விடியலில் ஒருமுறை சுட்டான். வாத்துகள் பறந்துவிட்டன. பழைய பழக்கத்தில், விசையிலிருந்து விரலை எடுக்காமலே என் பக்கம் திரும்பினான். குழல் என் வயிற்றுக்கு நேராக இருந்தது.

"மச்சான், அந்தப் பக்கம் திருப்பு!"

"இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற? அதான் சுட்டாச்சே, காலிப்பா."

"அடுத்தது ஏறிக்கீதுடா!"

அவன் நம்பவில்லை. காலி என்று காட்டுவதற்காகச் சிரித்துக்கொண்டே குழலைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி விசையை அழுத்தினான்.

வெடித்தது. ஏரித் தண்ணீர் எங்கள் முகத்தில் தெறித்தது.

இன்றும் வாத்துக் கூட்டம் பறந்தால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். நான் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பார்க்கிறேன்.