வாத்தியாரம்மா வாங்கிய பூஜ்யம்

அந்த மருத்துவமனையின் ஏறக்குறைய எல்லா நர்சுகளுக்கும் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுத்தவர், கடந்த மூன்று ஆண்டுகளில் தாம் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை என்ற செய்தியை ஒரு திங்கட்கிழமை காலை கணினித் திரையில் படித்தார். திரையில் மூன்றே வரிகள். தேவையான பயிற்சி நேரம்: முப்பது மணி. பதிவான நேரம்: பூஜ்யம். பதிவு முடியும் நாள்: வெள்ளிக்கிழமை.

கருவி விபரீதமாக எதையாவது காட்டினால் முதலில் ஆளைப் பார், அப்புறம் கருவியைப் பார் என்பது வார்டில் அவரே சொல்லிக்கொடுக்கும் பாடம். இங்கே ஆள் அவரேதான். நன்றாகத்தான் இருந்தார். எனவே கணினியை அணைத்து அணைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தார். பூஜ்யம் அசையவில்லை.

நர்சு வேலைக்குப் படிப்பு மட்டும் போதாது. நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. இந்தச் சுற்றிலிருந்துதான் பயிற்சி நேரமும் காட்ட வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். பதிவு காலாவதியானால் நோயாளிக்கு ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுக்க முடியாது. மறுபடி பதிவு பெறுவதற்குத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், தாம் ஊசி போடப் பழக்கியவர்களின் தங்கைகளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து.

ஐந்தாம் மாடியில் பெண்கள் பொது வார்டின் பொறுப்பு சிஸ்டர் அவர். எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மா. அந்தப் பெயர் வந்த கதை இது. மருத்துவமனையில் பயிற்சி அறை ஒன்று இருந்தது. பயிற்றுநர் என்றொரு பதவியும் இருந்தது. பதவியில் ஆள்தான் இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான ஒரு பெண், போர்வைகளும் தலையணை உறைகளும் அடுக்கி வைக்கும் அறைக்குள் போய் அழுதுகொண்டிருந்தாள். மூக்குவழிக் குழாய் போடத் தெரியவில்லையாம். படித்ததுதான், ஆனால் கை வரவில்லை. வாத்தியாரம்மா ஆறுதல் சொல்லவில்லை. பயிற்சி அறையில் தூசி படிந்து கிடந்த ரப்பர் பொம்மையைத் தூக்கிவந்து, "அழறதை அப்புறம் பாத்துக்கலாம், இவன் மூக்கைப் பிடி" என்றார்.

அன்று புதன்கிழமை. அதிலிருந்து வாய்த்த புதன்கிழமைகளில் எல்லாம் இரண்டு மணி முதல் நான்கு மணிவரை அந்தப் போர்வை அறையில் வகுப்பு நடந்தது. பொம்மைக்கு நர்சுகள் வைத்த பெயர் மாப்பிள்ளை. எந்த வேலையும் செய்யாமல் மல்லாந்து படுத்திருக்கிறான், பத்துப் பேர் சுற்றி நின்று பணிவிடை செய்கிறார்கள், வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்டார்கள்.

வகுப்புக்கு வருகைப் பதிவேடு வைத்ததும் வாத்தியாரம்மாதான். வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருத்தி விட்டுவிட்டால் மாடிப்படிவரை துரத்திப்போய் வாங்குவார். "எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்" என்பார். ஆனால் பதிவேட்டின் அடியில் 'பயிற்றுநர்' என்றொரு கட்டம் உண்டு. அதில் அதிகாரி தரத்தில் உள்ளவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று பழைய உத்தரவு ஒன்று சொன்னது. ஆகவே வியாழன்தோறும் பதிவேடு கீழே போகும்; நர்சிங் சூப்பிரண்டெண்ட் அம்மா கையெழுத்திட்டு அனுப்புவார். காகிதத்தின்படி பார்த்தால், போர்வை அறை எந்தப் பக்கம் திறக்கும் என்றே அறியாத ஒருவர் அதற்குள் நூற்றுக்கணக்கான மணி நேரம் பாடம் நடத்தியிருந்தார். போன மாதம் அவர் ஓய்வு பெற்றபோது சிறந்த பயிற்றுநர் என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடைக்குக் கீழே பலமாகக் கைதட்டியவர்களில் வாத்தியாரம்மாவும் ஒருவர். நடிப்பில்லை, அவருக்கு அது உறுத்தவே இல்லை.

சரி, வெளியே நடந்த பயிற்சிகளுக்காவது போயிருக்கலாமே? அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் தம் பெயரை அடித்துவிட்டுச் சின்னப் பெண் ஒருத்தியின் பெயரை எழுதினார். வார்டை யார் பார்ப்பது?

அன்று மாலை கணவரிடம் சொன்னார். அவர் இருபத்தாறு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறவர். கேட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"என் லைசென்ஸ் தேதியை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சு, ஒரு மாசத்துக்கு முன்னாடியே என்னைத் தொரத்துவியே. உன்னோடதை எங்க ஒட்டுனே?"

"எனக்கு எதுக்கு ஒட்டணும்? எனக்குத்தான் ஞாபகம் இருக்குமே."

"எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வண்டியில ஏத்தி விட்டுட்டு, நீ பஸ் ஸ்டாண்டுலயே நின்னுட்டே."

"சிரிக்காதீங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல என்னை வார்டுக்குள்ள விட மாட்டாங்க."

"சிரிக்கலை" என்றார் அவர். உண்மையில் சிரிக்கவில்லை. மறுநாள் கவுன்சிலுக்குப் போகும் முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று அவரே சொன்னார். எந்த நிறுத்தத்தில் இறங்கினால் நடை குறைவு என்றும் சொன்னார். அவரால் முடிந்த ஆறுதல் அது.

கவுன்சில் அலுவலகத்தில் விரலுக்கு ரப்பர் உறை மாட்டிய குமாஸ்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். காகிதம் புரட்டுவதற்காக மாட்டியது. கணினி வந்த பிறகும் கழற்றவில்லை.

"ஜீரோன்னு காட்டுது" என்றார், புதுச்செய்தி சொல்வதுபோல.

"தெரியும் சார். நான் போய் உக்காந்து கத்துக்கலை. சொல்லிக்கொடுத்துட்டு இருந்தேன்."

குமாஸ்தா நிமிர்ந்தார். "சொல்லிக்கொடுத்தீங்களா? அப்புறம் எதுக்கு இவ்ளோ கவலை? அது கணக்குல வரும்மா. விதி பதினேழு. ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தா ரெண்டு மணி நேரம் பயிற்சிக்குச் சமம். மூணு வருஷமா நடைமுறையில இருக்கே, சுற்றறிக்கை வரலையா?"

வந்திருக்கும். பயிற்றுநர்களின் கவனத்துக்கு என்று வந்திருக்கும். மருத்துவமனையின் பயிற்றுநர் எவரோ அவருடைய மேசைக்குப் போயிருக்கும். அந்த மேசை கீழ்த்தளத்தில் இருந்தது.

குமாஸ்தா ஒரு கோப்பைத் திறந்து விதியைக் காட்டினார். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு வார்டு சிஸ்டர் விடுத்த கோரிக்கையின்படி இது சேர்க்கப்பட்டது.

வாத்தியாரம்மா அதை இரண்டு தடவை படித்தார். அந்தக் கூட்டம் அவருக்கு ஞாபகம் இருந்தது. புதிய விதிகள் வரப்போகின்றன, நர்சுகள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். போவதற்கு ஆள் இல்லாததால் நர்சுகள் சங்கத்தார் அவரை அனுப்பினார்கள். நான்கு நிமிடம் பேசினார். ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் அதற்கு முன்பு ஒரு மணி நேரம் தானே படிக்க வேண்டியிருக்கிறது, அதையும் எண்ணுங்கள் என்றார். மேடையில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். இவருக்கும் இரண்டு மணி ட்யூட்டி இருந்ததால் இவரும் பார்த்தார். முடிவு தெரிவதற்கு முன்பே பேருந்து பிடித்துவிட்டார். "என்ன ஆச்சு?" என்று கணவர் கேட்டதற்கு, "டீ குடுத்தாங்க, பிஸ்கட்டும் குடுத்தாங்க" என்றார். தோற்றுவிட்டோம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஊர் நர்சுகளுக்கெல்லாம் கேட்டு வாங்கிக் கொடுத்தவருக்கு, வாங்கிய விஷயமே தெரியாது.

"இதுல பேரு போடலையே சார்?"

"அந்தம்மா வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடாமப் போயிட்டாங்களாம். நல்லாப் பேசினாங்கன்னு மட்டும் எழுதி வெச்சிருக்கு. அது கிடக்கட்டும். கிளாஸ் எடுத்ததுக்கு ஆதாரம் கொண்டாங்க, முடிச்சிரலாம்."

எதற்கும் இருக்கட்டும் என்று வகுப்புப் பதிவேட்டைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். குமாஸ்தா ரப்பர் விரலால் பக்கங்களைத் தள்ளினார். நின்றார்.

"பயிற்றுநர் கட்டத்துல இருக்கிற இந்தம்மா யாரு?"

"அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்க."

"நான் அதைக் கேக்கலை."

வாத்தியாரம்மா வாய் திறக்கவில்லை. திறந்தால் ஒரு கேடயம் ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து இறங்க வேண்டியிருக்கும். குமாஸ்தா பதிவேட்டை மூடி அவர் பக்கமாகவே தள்ளினார். "இதை வெச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்கதான் அங்க நின்னீங்கன்னு சொல்ற காகிதம் வேற ஏதாவது இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க."

மறுநாள் புதன்கிழமை. வகுப்பை ரத்து செய்யலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ரத்து செய்தால் காரணம் சொல்ல வேண்டுமே என்று நடத்தினார். பாடம், மூக்குவழிக் குழாய். குழாயை உள்ளே விடுமுன் நீளம் அளக்க வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை. வாத்தியாரம்மா மூக்கிலிருந்து நேரே நெஞ்சுக்குப் போய்விட்டார்.

"அக்கா" என்றாள் ரேடியோ. வாய் ஓயாததால் அந்தப் பெயர் பெற்ற நர்சு. "மாப்பிள்ளைக்குக் காது இருக்குக்கா."

யாரும் சிரிக்கவில்லை. பதினோரு ஆண்டில் அவர் காதை விட்டதில்லை. என்ன, ஏது என்று பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் சொல்ல வேண்டியதாயிற்று.

"எங்களை மாடிப்படி வரைக்கும் தொரத்துனீங்களே அக்கா! உங்களை யாரு தொரத்துறது?" என்றாள் ரேடியோ.

"போதும்டீ. புத்தகத்தை எடுங்க, நேரமாச்சு."

ஒவ்வொரு நர்சிடமும் ஒரு திறன் புத்தகம் உண்டு. எந்தச் சிகிச்சையை என்றைக்குத் தனியாகச் செய்து காட்டினாள் என்று அதில் எழுதுவார்கள். பக்கத்திலேயே 'நேரில் பார்த்தவர்' என்று ஒரு கட்டம். இந்தக் கட்டத்தில் மட்டும் வாத்தியாரம்மா யாரையும் கையெழுத்திட விட்டதில்லை. சூப்பிரண்டெண்ட் அம்மா ஒரு முறை, "அதையும் கீழ அனுப்பிடுங்களேன், மொத்தமாப் போட்டுடறேன்" என்றபோது, "இது உயிர் விஷயம்மா, பாக்காம போடக் கூடாது" என்று பணிவாக மறுத்துவிட்டார். பதிவேடு அலுவலகத்துக்கு, புத்தகம் நோயாளிக்கு என்பது அவர் கணக்கு. ஒன்றில் பொய்யைப் பற்றி அலட்டிக்கொள்ளாதவர், மற்றதில் ஒரு புள்ளி பிசகவும் விட்டதில்லை.

ரேடியோவின் புத்தகத்தை இழுத்துச் சிவப்பு மையில் கையெழுத்திட்டார். ரேடியோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

"அக்கா, இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"இது?"

"அதுவும் என்னோடதுதான். கண்ணு தெரியலையா?"

"எனக்கு நல்லாத் தெரியுதுக்கா. தேதி போட்டிருக்கு, புதன்கிழமை. இது போன வருஷம், புதன்கிழமை. நேரில் பார்த்தவர் நீங்க. அப்புறம் என்னக்கா ஆதாரம்?"

வாத்தியாரம்மா பேனாவை மூடினார். மூடிவிட்டு, தலையணை உறை அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அதன்பின் ரேடியோ தன் பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்தாள். வியாழன் மதியத்துக்குள் முப்பத்தைந்து புத்தகங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று பிரசவ விடுப்பில் இருந்தவளின் வீட்டிலிருந்து வந்தது, அட்டையைக் குழந்தை கடித்திருந்தது. வேறு மருத்துவமனைக்கு மாறிப்போன மூன்று பேரின் புத்தகங்களை, வண்டியில் பார்சல் ஏற்றவே கூடாது என்று இருபத்தாறு ஆண்டாகச் சண்டை போட்டுவந்த ஓட்டுநர் தம் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா முப்பத்தெட்டுப் புத்தகங்களையும் புரட்டினார். ரப்பர் உறைக்கு அன்றுதான் உண்மையான வேலை. ஒரே தேதி பல புத்தகங்களில் வந்ததால், ஒரு தாளில் தேதியாகக் குறித்துக்கொண்டே போனார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாத்தியாரம்மா பெஞ்சில் உட்கார்ந்து தம் நாடியைத் தாமே பார்த்துக்கொண்டார். நூற்றுப் பத்து.

"அறுபத்தோரு நாள்" என்றார் குமாஸ்தா. "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், அது ரெண்டு மடங்கு. இருநூத்து நாப்பத்தி நாலு மணி. உங்களுக்குத் தேவை முப்பதும்மா."

"மிச்சத்தை அடுத்த தடவைக்கு வெச்சுக்கலாமா சார்?"

"அப்படி விதி இல்லையே." பொத்தானைத் தட்டினார். திரையில் பூஜ்யம் போய் வேறு எண் வந்தது. "வேணும்னா அதையும் வந்து கேளுங்க. அடுத்த மாசம் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. ஒரு நர்சுக்கு எத்தனை பேஷண்டுன்னு பேசப் போறாங்க. ஆள் வர மாட்டேங்கறாங்க."

அவர் நீட்டிய படிவத்தை வாத்தியாரம்மா வாங்கினார். பேசப்போவது என்ன என்று யோசிப்பதற்கு முன்பாகவே பெயரை எழுதி, கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் தேதியும் போட்டார்.

வெளியே நிறுத்தத்துக்கு வந்த முதல் வண்டியை ஓட்டிவந்தவர் அவர் கணவரே. தற்செயல் என்று அவர் சாதிப்பார். அது அவருடைய தடம் இல்லை. முன்கதவு திறந்தது.

"என்ன குடுத்தாங்க?"

"டீ இல்லை."

"பிஸ்கட்?"

"அதுவும் இல்லை."

"அப்புறம் என்னதான் குடுத்தாங்க?"

"மூணு வருஷம்."

ஓட்டுநர் தலையசைத்தார். கண்ணாடியில் பார்த்தபடி குரல் கொடுத்தார். "எல்லாரும் ஏறியாச்சா?"

புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "நானும் ஏறிட்டேன். எடுங்க வண்டியை."