கூரையில்லாத காரில் இராமேஸ்வரத்துக்கு

எங்கள் அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, ஒரு கார் உண்டு. பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். கருஞ்சிவப்பு நிறம், தரையோடு தரையாகப் பதிந்த உடம்பு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் ஒரு பலகை அகலத்துக்கு இடம் இருக்கும், அதில் பை வைக்கலாம். கூரை வெறும் துணிதான், அதையும் மடக்கிப் போட்டுவிடுவார். கடலாடியில் நெல்லும் மிளகாயும் போடுகிற குடும்பத்தில் இப்படி ஒரு வண்டி எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நானும் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே. கல்யாண வீட்டுக்குக் குடும்பத்தோடு ஏறிப் போக ஆகாது, ஒரு மூட்டை உரம் ஏற்றி வரவும் ஆகாது. அத்தான் சிரித்துக்கொண்டே, "கொழுந்தியாளுக்குப் பொறாம" என்பார்.

கோயம்புத்தூர்ப் பக்கம் எங்கேயோ கோழி அடைந்து கிடந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். பம்புசெட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வருஷக்கணக்கில் அதைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அது ஓட ஆரம்பித்த பிறகு ஸ்டியரிங்கை வேறு யாரையும் தொட விட்டதில்லை. பெற்ற மகனையே விட்டதில்லை. அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான்.

போன ஆடியில் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறியது. கையும் தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்லத்தான் வாய்க்கு வழி தெரியவில்லை, என்றைக்கு வரும், வருமா வராதா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் மதுரை டாக்டர். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் தவறாமல் வந்து படங்களைக் காட்டினாள். பசு, குடை, வாழைப்பழம். அத்தான் படத்தைப் பார்ப்பார், அந்தப் பெண்ணைப் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார்.

அவர் சும்மாவே வாய் மூடாத மனிதர். காலையில் காபியில் சீனி தூக்கல் என்று ஆரம்பித்தால், ராத்திரி கொசுவலை ஓட்டை என்று முடிப்பார். அக்கா அத்தனை வருஷமும் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கேட்டவள். இப்போது அந்த வீட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்தான். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "திட்டு வாங்காம சோறு எறங்க மாட்டேங்குதுடி."

மாசியில் அத்தானின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பழைய கார் வைத்திருக்கிற ஆட்களெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்களாம். இந்தத் தடவை இராமேஸ்வரத்தில். நான் அதைப் படித்துக் காட்டியபோது அத்தான் தலையைத் திருப்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

"கூட்டிட்டுப் போவோம்டி. அங்கன அந்த வண்டிகளப் பாத்தா வாயத் தொறந்துருவாரு. எனக்கு வேற எதுவும் வேணாம், ஒரே ஒரு வார்த்த போதும்."

சாயல்குடியில் பள்ளிக்கூட வேலை எனக்கு. தினமும் என் சின்னக் காரை நானே ஓட்டிப் போகிறவள் என்பதால் வண்டியை ஓட்டுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அத்தானை முன் சீட்டில் உட்கார்த்திப் பெல்ட் போட்டோம். அக்கா டிபன் பையோடு பின்னால் அந்தப் பலகையில் குறுக்காக உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிடத் திணித்துக்கொண்டாள் என்று சொல்லலாம். என் அக்கா ஒல்லியான ஆள் இல்லை.

நான் கிளட்சை மிதித்து கியரைத் தள்ளினேன். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பல் கூசியது. பழைய அத்தானாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு என்னை வண்டியிலிருந்து இறக்கி விட்டிருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அக்காவும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கியர் போடுகிற அவருடைய இடது கை முழங்காலில் லேசாக அசைந்தது. உதடு அசையவில்லை. எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சிக்கல் என்ற ஊரில் டீக்கடையே எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டது. "ஏலே, இங்கன வந்து பாருலே!" என்று ஒருவர் உள்ளே பார்த்துக் கத்தினார். அக்கா அந்தப் பலகையில் இருந்தபடியே எல்லோருக்கும் கும்பிடு போட்டாள், ஓட்டுக் கேட்க வந்தவள் மாதிரி.

வாலிநோக்கம் உப்பளத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அந்த ரோட்டில் நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். உப்பு என்றால் உப்பு, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தூங்கிக்கொண்டே போனவள். ஆனால் இந்த வண்டியில் உட்கார்ந்தால் நம் இடுப்பு கிட்டத்தட்ட ரோட்டில் இருக்கிறது. தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் நம்மைவிட உயரமாக, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளையில் எழுந்து நிற்கின்றன. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் அப்படியே இறங்கிக் கிடக்கிறது. மேலேயும் வானம், கீழேயும் வானம், நடுவில் கோடு போட்ட மாதிரி ரோடு. நான் வேகத்தைக் குறைத்துவிட்டேன். என் வாய் திறந்துதான் இருந்தது. இத்தனை வருஷமாக இது இங்கேயேவா இருந்தது என்று எனக்கு நம்ப முடியவில்லை.

"ஏங்க, பாருங்களேன்" என்று அக்கா அவர் தோளைத் தொட்டாள். அத்தான் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கட்டியது, வெயிலுக்கா என்று தெரியவில்லை. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம் என்று ஊர் ஊராகக் கடலை ஒட்டியே போனோம். பனங்காடு வரும், மறையும், சந்தில் கடல் எட்டிப் பார்க்கும். காற்றில் கருவாட்டு வாசனை வந்தால் அடுத்த ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வண்டியின் சத்தம் எனக்குப் பிடித்துப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு நாள் ஏசிவிட்டு உடனே பல்லிளிக்க மனசு வரவில்லை.

பாம்பன் பாலத்தைப் பற்றி என்ன எழுதுவது? எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் கூரையில்லாமல் அதில் ஏறிப் பாருங்கள். பாலம் மேலே மேலே ஏறுகிறது, முன்னால் ரோடு முடிந்து வெறும் வானம்தான் தெரிகிறது. உச்சிக்கு வந்ததும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி பச்சையாக அசையாமல் கிடந்தது. இன்னொரு பக்கம் அதே கடல் கருநீலத்தில் நுரை கக்கிக்கொண்டிருந்தது. கீழே படகுகள். பக்கத்தில் புது ரயில் பாலம். அக்காவின் முந்தானை பறந்து என் முகத்தை மூட, நான் ஒரு கையால் அதை விலக்கிக்கொண்டு ஓட்டினேன். பயத்தில் கத்துகிறாளோ என்று பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆடிக்குப் பிறகு நான் அவள் சிரித்துப் பார்க்கவில்லை. அப்புறம் அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுபோனது.

தங்கச்சிமடத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். மாதா கோவிலில் இருந்து வெள்ளை வேட்டியில் வந்துகொண்டிருந்த மீன்பிடிக்காரர் ஒருவர், கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு, நேரே வந்து பானெட்டில் காது வைத்தார்.

"எம் போட்டு எஞ்சினு இப்படிப் பேசுச்சுன்னா நான் கரைக்கே வர மாட்டேன்" என்றார்.

அவர் மனசாரச் சொன்னார். பேசுச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

இராமேஸ்வரத்தில் கடலோரமாக ஒரு மைதானம். உள்ளே நுழைந்ததும் நான் வண்டியை நிறுத்த மறந்து ஊர்ந்துகொண்டே போனேன். வரிசையாகப் பழைய கார்கள். பால் வெள்ளை, பாசிப்பச்சை, கத்திரிப்பூ நிறம். உருண்டை முகப்பு விளக்குகள். வெயில் பட்டு ஒவ்வொன்றும் குளித்துவிட்டு வந்த மாதிரி மினுங்கியது. எங்கள் அத்தான் ஒருவர்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். இவ்வளவு பேருக்கா இந்தக் கிறுக்கு என்று மலைத்துப்போனேன். அத்தனை பேர் கையிலும் ஒரு மெல்லிய துணி. பேசிக்கொண்டே துடைக்கிறார்கள், துடைத்துக்கொண்டே கடலைப் பார்த்து முறைக்கிறார்கள்.

"உப்புக்காத்து, அக்கா. தகரம் துருப்பிடிச்சுப் பொரிஞ்சிரும்" என்றார் ஒருவர். கூட்டத்தை நடத்துகிற பெரிய மீசைக்காரர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஈரமணல்ல சக்கரத்த எறக்குனவுகள அடுத்த வருசம் கூப்பிட மாட்டோம், சொல்லிப்புட்டேன்."

அவர் எங்களைப் பார்த்ததும் மைக்கை வைத்துவிட்டு ஓடி வந்தார். அத்தான் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போன்ல எத்தன வருசமாப் பேசியிருப்போம். கொரல்தான் தெரியும், மொகத்த இப்பத்தான் பாக்கேன்."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அத்தான் கையை விடவே இல்லை. பிறகு பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிடச் சொன்னார். மைதானத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். நரைத்த தலைகளும் தொப்பிகளும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். கோயிலில்கூட எங்கள் ஆட்கள் இப்படிச் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்ததில்லை. அந்தச் சத்தத்துக்காக ஒரு மனிதர் தகரக் கொட்டகையில் கழித்த வருஷங்களெல்லாம் எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தன. ஒருவர் அத்தானைப் பார்த்துக் கைகூப்பினார்.

அத்தானும் கண்ணை மூடியிருந்தார். முகம் சிவந்தது. தொண்டை ஏறி இறங்கியது. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். எஞ்சினை அணைத்தார்கள், கைதட்டினார்கள், கலைந்து போனார்கள். அவர் வாய் மூடியபடியே இருந்தது.

வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமிய விட்டா எனக்கு ஆருடி இருக்கா" என்று எழுந்து போனாள். நான் பையில் இருந்த முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு, இனி இவளை என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். பூ விற்கிற அம்மாவிடம் இரவல் வாங்கியதாம். அக்னி தீர்த்தம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். தீர்த்தம் என்று பேரே தவிர, அது கடல். இராமேஸ்வரத்துக்கு வந்தவர்கள் முதலில் அதில்தான் முங்குவார்கள். அலையில் அத்தானால் நிற்க முடியாது. அதனால் கடலை அவரிடம் கொண்டுவந்துவிட்டாள்.

சாமி பெயரைச் சொல்லி அவர் தலையில் ஊற்றினாள். சட்டையெல்லாம் நனைந்தது. அவர் கண்ணைச் சிமிட்டினார், மூக்கில் வழிந்ததை ஊதினார், பேசாமல் இருந்தார். குடத்தில் பாதி மிச்சம் இருந்தது.

"வண்டியும் மொதத் தடவயா வந்திருக்கு. அதுக்கும் ஆகட்டும்" என்று அக்கா மீதியைப் பானெட்டின் மேல் கவிழ்த்துவிட்டாள். கத்தித் தடுக்க முடியாமல் என் வாயில் முறுக்கு.

"உப்பு!"

யார் கத்தியது என்று நான் திரும்பிப் பார்த்தேன். அத்தான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றார். "உப்பு! உப்பு!" என்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குரல் கரகரப்பாக, அந்தக் கியர் மாதிரியே வந்தது. ஆனால் அவர் குரல்தான். அக்கா குடத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

அதற்குள் மைதானமே ஓடிவந்தது. அவர்கள் யாருக்கும் ஒரு மனிதர் பேசியது காதில் ஏறவில்லை, பானெட்டில் வழிகிற கடல்தண்ணீர்தான் கண்ணில் பட்டது. குடிக்கிற தண்ணீர் பாட்டில்களைத் திறந்து ஆளாளுக்கு ஊற்றினார்கள். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார்கள். "என்னம்மா இப்படிப் பண்ணிப்புட்டீக! விவரம் தெரிய வேணாமா?" என்று மீசைக்காரர் அக்காவைப் பிடித்து ஏசினார். அத்தானும் ஈரச் சட்டையோடு தடுமாறி வந்து வேட்டி நுனியால் துடைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள், வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தாள், கடலைப் பார்த்து நடந்தாள்.

"எங்கக்கா போற?"

"இன்னொரு கொடம் மொண்டுட்டு வாரேன்."

"வேணாம்!" என்று பின்னால் இருந்து அத்தான் கத்தினார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டாள்.

"ரெண்டு வார்த்த ஆச்சுடி" என்றாள்.