பாலாவி உப்பளத்தில் ஆறு அம்புகள்

ஒரு நண்பன் சொன்னது பிழை என்று நிரூபிக்கத்தான் சென்ற யூலையில் புத்தளம் போனேன். பயணத்துக்கு இதைவிடக் கேவலமான காரணம் இருக்க முடியாது.

நானும் அஸ்லமும் நான்கு வருடமாக ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். பழங்காலத்துக் கடற்கரைப் போர்: கரையில் வில்லாளிகளின் வரிசை, எதிரே வள்ளங்கள். அகல இறகு வைத்த அம்புதான் எல்லாத் தூரத்துக்கும் சிறந்தது என்று கணக்கு எழுதியிருந்தேன். "கிட்டத்துக்குச் சரி. பக்கக் காத்துல அகல இறகு இழுபட்டுப் போகும். கடக்கரைல நிக்கிறவனுக்கு ஒடுங்கின இறகுதான் வேணும். எங்கட ஊர்ப் பக்கம் வந்து எய்து பாரு" என்றான் அஸ்லம். அவன் ஊர் மதுரங்குளி. எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று கூட வேலை செய்த எல்லார் முன்னாலும் சொன்னேன். அடுத்த வாரமே விலகிவிட்டான். வெள்ளோட்டத்தில் விளையாடியவர்களும் அதே குறையை எழுதியபோது எனக்கு ரோசம் வந்தது.

கொழும்பில் காலை 5.30க்கு பஸ். 9.10க்கு மதுரங்குளிச் சந்தி வந்தது, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலாவியில் இறங்கி, உப்பளத்துக்கு மூன்று கிலோமீற்றர், முச்சக்கரவண்டிக்கு 500 ரூபாய். வில்லும் அம்புகளும் இருந்த நீண்ட பையைப் பார்த்து, மீன் பிடிக்கவா என்று சாரதி கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உப்பளத்தில் வேலை செய்யும் நவாஸ் நானா வரப்பில் எய்ய விட்டார். ஒரே நிபந்தனைதான். "இரும்பு பாத்திக்குள்ள விழப்படாது தம்பி. துரு ஏறினா உப்புச் சிவக்கும். நாளைக்கு இதுல உப்பு வாரி எடுக்கிற நாள்."

என் கணக்கின்படி அறுபது மீற்றரில் அம்பு ஒரு சாண்தான் விலக வேண்டும். அந்தத் தைரியத்தில், காற்று அடித்துப் போகும் பக்கத்தில் பாத்தி இருப்பதையும் பொருட்படுத்தாமல் வைக்கோல் சாக்கை நிறுத்தினேன். பிற்பகல் ஒன்றரை மணி, பக்கக் காற்று நன்றாக வீசியது. ஒடுங்கிய இறகு வைத்த மூன்றும் கொஞ்சம் தள்ளி, வரப்பிலேயே விழுந்தன. அகல இறகு வைத்த மூன்றும் பாத்திக்குள் போயின. முதலாவது போனதுமே நிறுத்தியிருக்கலாம். நம்ப மனமில்லாமல் மற்ற இரண்டையும் எய்தேன்.

நவாஸ் நானா ஏசவில்லை. பாத்திக்குள் இறங்கி அம்புகளைப் பிடுங்கி, சுற்றியிருந்த உப்பையும் வழித்து வெளியே கொட்டினார். "கணக்குப் பாத்துத்தான் சாக்க வெச்ச எண்டீங்களே" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில், 4.40க்கு, மதுரங்குளியில் இறங்கி அஸ்லமுக்குப் போன் எடுத்தேன்.

"நீ சொன்னதுதான் சரி. உப்பளத்தில எய்து பார்த்தனான்."

"நான் சொல்லக்குள்ள நீ நம்பல்ல. காத்து சொன்னதும் நம்பிட்டாய். இனிக் காத்தோடயே சேர்ந்து செய்."

"சந்தியிலதான் நிக்கிறன். வீட்டுக்கு வரட்டா?"

"வேணாம்."

கணக்கை அன்றிரவே திருத்தினேன். இப்போது விளையாட்டில் அம்புகள் ஒழுங்காகப் பறக்கின்றன. பாராட்டு வருகிறது, வாசிக்க எரிச்சலாக இருக்கிறது.

போகிறவர்களுக்கு: காற்று மதியத்துக்குப் பிறகுதான் பலமாக வரும். எலுவன்குளம் பக்கம் காட்டோரத்துக்கு வில்லோடு போக வேண்டாம், வேட்டைக்காரன் என்று பிடிப்பார்கள். பாத்தியைக் காற்று வரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எய்யுங்கள். மதுரங்குளியில் உங்களுக்கு ஆள் இருந்தால், போகும்போதே இறங்கிவிடுங்கள். திரும்பும்போது இறங்கினால், அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் சந்தியில் நிற்க வேண்டியதுதான்.