உப்புத் தண்ணீர் ஆற்றாத புண்

சென்ற செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி கிளினிக். சவரி அண்ணையின் முகத்துக் கட்டை அவிழ்த்து, நேர்ஸ் பிள்ளை புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது என்ன தண்ணி, பிள்ளை?"

"சேலைன், ஐயா. உப்புத் தண்ணிதான்."

அவ்வளவுதான்! அண்ணை வெற்றியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உப்புத் தண்ணிதான் மருந்தெண்டு நான் சொன்னனான்தானே?"

எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அண்ணைக்கு நெடுந்தீவு, மீன்பிடித் தொழில். இந்தப் பக்கம் வந்தால் நாரந்தனையில் எங்கள் வீட்டில்தான் தங்குவார். இரண்டு வருடத்துக்கு முன் கண்ணுக்குக் கீழே ஒரு சின்னப் பொருக்கு வந்தது. உரியும், ரத்தம் கசியும், திரும்பக் காயும்...

முள் குத்தினாலும் கயிறு அறுத்தாலும் கடல் தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள் மீனவர்கள். அந்தக் காயங்கள் ஆறியும் இருக்கின்றன. ஆகவே இதற்கும் அதே வைத்தியம். தொழில் இல்லாத நாளிலும் உச்சி வெயிலில் கடலில் நின்று முகம் கழுவுவார். அந்த வெயில்தான் புண்ணை வளர்க்கிறது என்று யார் கண்டார்கள்?

முகத்தில் வந்த புண்ணை ஊரே பார்க்கும். பார்த்தவர் எல்லாம் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள் — டொக்டரிடம் காட்டு என்பதைத் தவிர!

புண்ணைக் கழுவி முடிய டொக்டர் வந்து, முதல் கிழமை எடுத்த சதைப் பரிசோதனை முடிவையும் ஸ்கானையும் பார்த்தார். பாவம், அவருக்கும் களைப்பு.

"ஐயா, இது புற்றுநோய். எலும்பையும் பிடிச்சிட்டுது. முதலே வந்திருந்தா சின்ன வெட்டோட முடிஞ்சிருக்கும். இப்ப கன்னத்தோட கண்ணையும் எடுக்கவேணும். பிறகு கதிர்ச் சிகிச்சை... கிழமைக்கணக்கா ஒவ்வொரு நாளும் வரவேணும்."

ஒவ்வொரு நாளுமா? காற்று எழும்பினால் நெடுந்தீவுப் படகே ஓடாதே!

"மற்றக் கண்ணால கடல் தெரியுமோ, டொக்டர்?"

"தெரியும் ஐயா. எண்டாலும் இனி வெயிலுக்க நிண்டு தொழில் செய்ய ஏலாது."

அண்ணை எழும்பிவிட்டார். "கோயில் பெருநாள் முடியட்டும். பிறகு வாறன்."

வர மாட்டார். எனக்குத் தெரியும். அவருடைய மனைவி ரெஜினா அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அண்ணைக்குப் பக்கத்தில் இருந்த அக்கா கதிரையைவிட்டு எழும்பவில்லை.

"எடுங்கோ, டொக்டர். கண் இல்லாட்டிலும் பரவாயில்லை. எனக்கு ஆள் வேணும்."

அண்ணை மெல்லத் திரும்ப உட்கார்ந்தார்.

அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். வார்டுக்குப் போக, வெயில் கொளுத்தும் ஒரு வெளி முற்றத்தைக் கடக்கவேண்டும். அக்கா பையிலிருந்து குடையை எடுத்து அண்ணையின் தலைக்கு மேல் விரித்தார். கடலில் ஒரு தொப்பிகூடப் போடாத மனிதர், மறுபேச்சில்லாமல் அதற்குள் நடந்தார்.

இரண்டு வருடம் பிந்திய குடை!